பனிமலையில் மழை: புது ஜாக்கெட் வாங்கும் முன் பழையதைத் துவையுங்கள்

கேள்வி: சியாட்டல் பக்கம் பெல்வியூவில் குடியிருக்கிறோம். இந்தக் குளிர்காலத்தில் நானும் ஒன்பது வயது மகளும் சனிக்கிழமைதோறும் ஸ்னோக்வால்மி கணவாயில் பனிச்சறுக்கு வகுப்புக்குப் போகிறோம். ஐந்து வாரத்தில் மூன்று வாரம் மழை. மூன்று வருடத்துக்கு முன் நல்ல விலை கொடுத்து வாங்கிய கோர்டெக்ஸ் ஜாக்கெட் என்னுடையது. துவைத்தால் கெட்டுவிடும் என்று இதுவரை தண்ணீரில் போட்டதில்லை. ஆனாலும் பதினோரு மணிக்கெல்லாம் உள் பனியன் வரை ஈரம். மகள் கை விறைத்து அழுதுவிட்டாள். புது ஜாக்கெட் வாங்க வேண்டுமா, இல்லை மழை நாளில் போகாமலே இருந்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். "இதுவரை தண்ணீரில் போட்டதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

அந்த ஜாக்கெட்டில் மூன்று அடுக்கு உண்டு. வெளியே சாதாரண நைலான் துணி. உள்ளே தோலைத் தொடும் மெல்லிய துணி. இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட ஒரு படலம். மழைத்துளி நுழைய முடியாத அளவுக்கு அந்தத் துளைகள் சிறியவை. வியர்வை ஆவி வெளியேறப் போதுமான அளவு பெரியவை. 1969-இல் பாப் கோர் கண்டுபிடித்த பொருளிலிருந்து வந்தது இது. உங்கள் ஜாக்கெட்டில் அந்தப் படலம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போனது வெளித்துணியின் மேல் இருந்த பூச்சு.

புது ஜாக்கெட்டில் மழை விழுந்தால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடும். அது பூச்சு செய்கிற வேலை. கழுத்து வியர்வை, சன்ஸ்கிரீன், கார் சீட் அழுக்கு, பைப்பட்டையின் உராய்வு எல்லாம் சேர்ந்து அந்தப் பூச்சை அமுக்கிவிடும். அப்புறம் மழை உருளாது, வெளித்துணி ஈரத்தை உறிஞ்சிக் கருத்துப் போகும். அந்த நிலையிலும் நடுப்படலம் மழையை உள்ளே விடாது. ஆனால் வெளியே ஈரப்போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடுவதால் உள்ளே இருக்கும் ஆவிக்குப் போக வழியில்லை. குளிர்ந்த துணியின் உட்பக்கம் பட்டு அது தண்ணீராகிறது. சென்னை மழையில் பிளாஸ்டிக் ரெயின்கோட் போட்டு ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: கோட்டைக் கழற்றினால் மழையே படாத சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். உங்கள் பனியனை நனைத்ததும் அநேகமாக உங்கள் வியர்வைதான்.

இன்று ராத்திரியே பார்த்துவிடலாம். ஜாக்கெட்டை மேஜையில் விரித்து, தோள், முழங்கை, முதுகின் கீழ்ப்பகுதி மூன்று இடத்திலும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு உதறுங்கள். தண்ணீர் சிதறி ஓடினால் பூச்சு உயிரோடு இருக்கிறது. கருந்திட்டு தங்கினால் துவைக்க வேண்டும். பெரும்பாலும் தோளில்தான் முதலில் தங்கும்.

துவைக்கும்போது சாதாரண சோப்புத்தூள் வேண்டாம். அதன் மிச்சமே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். துணி மென்மையாக்கி அறவே கூடாது. நிக்வாக்ஸ் மாதிரி மழைத்துணிக்கென்றே விற்கும் திரவம் வாங்குங்கள். எல்லா ஜிப்பையும் மூடி, இதமான வெந்நீரில் போட்டு, இரண்டு முறை அலசுங்கள். பிறகு டிரையரில் மிதமான சூட்டில் காயவிட்டு, காய்ந்த பின்னும் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். இந்தச் சூடு முக்கியம். படுத்துக் கிடக்கும் பூச்சை அதுதான் மறுபடி எழுப்புகிறது. திரும்பக் கரண்டித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். இன்னும் கருத்தால், பூச்சு ஸ்பிரே ஒன்றை ஈரத்துணிமேல் அடித்து மறுபடி சூட்டில் போடுங்கள். ஆரம்பிக்கும் முன் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் படித்துவிடுங்கள். சில துணிகளுக்குச் சூடு ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பூச்சுகளில் ஃபுளோரின் வேதிப்பொருள் இருந்தது. மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் இப்போது தயாரிப்பாளர்கள் அதைக் கைவிட்டு வருகிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் புதுப் பூச்சு எண்ணெய்ப் பிசுக்கை அவ்வளவாகத் தாங்காது. ஆகவே இனி வாங்கும் ஜாக்கெட்டை இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

மகளுடைய உடையில் 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்பதற்கான அளவு அது. 10,000 என்றால் பத்து மீட்டர் தண்ணீர்த் தூண். தூறலுக்குத் தாராளம். ஆனால் மலைமேல் ஏற்றிச் செல்லும் சேர்லிஃப்ட்டின் ஈர நாற்காலியில் உட்காரும்போது உடல் எடை முழுவதும் தண்ணீரைத் துணிக்குள் அழுத்தும், அங்கேதான் மலிவான பேண்ட் தோற்கும். அதோடு எல்லாத் தையலிலும் உட்பக்கம் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். சில உடைகளில் தோள், கழுத்து என்று முக்கியமான தையல்களுக்கு மட்டும் ஒட்டியிருப்பார்கள். பேண்டின் உட்காரும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெறும் நூல் தெரிந்தால் மழை அந்த ஊசித்துளை வழியாக வரும்.

சேர்லிஃப்ட்டில் நான் ஒரு பழைய துண்டு எடுத்துப் போவேன். நாற்காலி சுற்றி வந்து முழங்காலின் பின்னால் இடிக்கும் நேரத்தில் குனிந்து துடைக்க முடியாது, துடைக்கவும் கூடாது. ஏறி உட்கார்ந்து தடுப்புக் கம்பியை இறக்கியபின் துண்டை நாலாக மடித்து மடிமேல் போட்டுக்கொள்வேன், கம்பிவடத்திலிருந்து சொட்டும் கிரீஸ் கலந்த தண்ணீரும் அதில்தான் விழும். உட்காரும் இடத்துக்கு வேறு வழி. தடித்த குப்பைப் பையைப் பாவாடை மாதிரி இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பெரியவர்களை மழை நாளில் இந்த மலைகளில் பார்க்கலாம். குழந்தைக்கு அது வேண்டாம், நாற்காலியில் சிக்கிக்கொள்ளும். அவளுக்கு மார்பு வரை ஏறும் வாருள்ள பேண்ட் போதும். விழுந்து எழும்போது இடுப்பு வழியாக ஈரப்பனி புகாது.

இனி கை. உங்கள் மகள் அழுததற்குக் காரணம் அதுதானே, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பஞ்சு வைத்த சாதாரணப் பனிக் கையுறை மழையில் ஒரு மணி நேரம் தாங்கும். பிறகு அது ஈரத்துணி. நான் முதல் வருடம் அப்படி ஒன்றைக் கழற்றிப் பிழிந்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. கூடுதல் விலைக் கையுறைக்கு ஓடாதீர்கள். மழை நாளுக்கென்று இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு, மீன்பிடிப் படகுகளில் போடும் உள்பஞ்சு வைத்த ரப்பர் கையுறைக்கு ஈடே இல்லை. ஷோவா நிறுவனத்தின் நீலக் கையுறையை இந்தப் பக்கத்துச் சறுக்கர்கள் பலர் விரும்பிப் போடுவது அதனால்தான். குழந்தைக்கு விரல் பிரியாத மிட்டன் நல்லது. நான்கு விரலும் ஒன்றையொன்று சூடாக்கும்.

கையுறையின் வாய் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். குச்சி பிடிக்கும்போது கை கீழ்நோக்கி இருக்கிறது. சட்டைக்கையின் மேல் கையுறை ஏறியிருந்தால், தோளிலிருந்து வழியும் மழை நேராக அந்தக் குழாய்க்குள் இறங்கும். ஆகவே கையுறை உள்ளே, ஜாக்கெட் கை வெளியே. ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறியிருப்பது போல. மகளுக்கு இதை ஒவ்வொரு முறையும் நீங்களே இழுத்துவிடுங்கள். பத்தரை மணிக்கு, அவள் கேட்கும் முன்பே, உள்ளே கூட்டிப்போய்க் கையைத் துடைத்து இரண்டாவது ஜோடியைப் போடுங்கள். ஈரக் கையைக் காய்ந்த கையுறைக்குள் விட்டால் பயனில்லை. கையைச் சூடாக்கும் சின்னப் பொட்டலங்களையும் நம்பவேண்டாம். உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்தால்தான் சூடு வரும், நனைந்தால் செத்துவிடும்.

உள்ளே பருத்தி வேண்டவே வேண்டாம், உங்கள் பனியனைத்தான் சொல்கிறேன். மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர். நடுவில் ஃபிளீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கைத் துணி. இறகு ஜாக்கெட்டை வீட்டில் விடுங்கள், மழை பட்டால் நனைந்த பஞ்சுமூட்டை போல் சுருண்டுவிடும். ஒரு அடுக்கு குறைவாகவே போடுங்கள். அக்குள் ஜிப் இருந்தால் மேலே ஏறும்போதே திறந்து வையுங்கள். இரண்டு டிகிரி செல்சியஸ் மழை, மைனஸ் எட்டு டிகிரி காய்ந்த குளிரைவிட ஆபத்தானது. தண்ணீர் உடல் வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுக்கும். குழந்தை நடுங்குவது ஒரு அறிகுறி. வழக்கமாகப் பேசிக்கொண்டே வருபவள் திடீரென்று மௌனமானாலும் அன்றைய சறுக்கு முடிந்தது, உள்ளே போய்விடுங்கள்.

காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றாதீர்கள். தலைச்சூடு உள்ளே ஏறிப் பனிமூட்டமாகிவிடும். உட்கண்ணாடியைக் கையுறையால் தேய்த்தால் மூட்டம் தடுக்கும் பூச்சு போய்விடும், மென்துணியால் ஒற்றி எடுங்கள். மங்கலான வெளிச்சத்துக்கு மஞ்சள் அல்லது ரோஜா நிறக் கண்ணாடி.

மழை நாளில் போகலாமா என்று கேட்டீர்கள். மழையில் பனி மிருதுவாக இருக்கும், விழுந்தால் வலிக்காது, வரிசையும் இருக்காது. கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல நாள் குறைவு என்பது என் உறுதியான கருத்து. நனைந்த பனி சறுக்குப்பலகையின் அடியைப் பிடித்து இழுக்கும், அவ்வளவுதான். வெதுவெதுப்பு நாளுக்கான மெழுகு பூசச் சொல்லுங்கள்.

முந்தின ராத்திரி வானிலைக் குறிப்பில் உறைநிலை உயரத்தை, அதாவது காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் உயரத்தைப் பாருங்கள். வடமேற்குப் பனிச்சரிவு மையம் மலைப்பகுதிகளுக்கு அதை வெளியிடுகிறது. உறைநிலைக்குச் சுமார் 1,000 அடி கீழே வரை பனியாகவே விழும், அதற்கும் கீழே மழை. ஸ்னோக்வால்மி அடிவாரம் ஏறத்தாழ 3,000 அடி. உறைநிலை 5,000 அடி என்றால் உங்களுக்கு மழை; அதே நாளில் 4,400 அடியில் தொடங்கும் கிரிஸ்டல் மவுண்டன் என்ற இன்னொரு சறுக்கு மலையில் பனி விழ வாய்ப்பு உண்டு. ஸ்னோக்வால்மிக்கு ஒரு தனிக் குணமும் இருக்கிறது: கிழக்கிலிருந்து குளிர்காற்று கணவாய் வழியாகப் பாய்ந்தால் கணக்கைவிடக் கீழேயும் பனி விழும், சில சமயம் பட்டதும் உறையும் மழையாகவும் வரும். அந்த மழை என்றால் வீட்டிலேயே இருங்கள், சாலையும் கண்ணாடிபோல் ஆகியிருக்கும். ஹவாய்ப் பக்கமிருந்து வெப்ப ஈரக்காற்று வரும் நாளில் உறைநிலை 7,000, 8,000 அடி வரை ஏறும். அன்று எந்த மலையும் தப்பாது, வகுப்பை வேறு நாளுக்கு மாற்றக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸின் உள்ளுறையை வெளியே உருவிவிடுங்கள். நாக்கை விரித்து, காலியான பிளாஸ்டிக் ஓட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். உள்ளுறைக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் நுரை சிதைந்துவிடும். மறுநாள் காலை கட்டைவிரல் போகும் நுனிவரை கையை விட்டுப் பாருங்கள். அந்த இடம் ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை, இன்னொரு தாள் வையுங்கள்.