ஜெர்மானியர்கள் தங்கள் கொடியை ஏற்றத் தயங்குவது ஏன்? நாட்டுப்பற்று கிடையாதா?

கொலோன் நகரில் குடியிருப்பவன் என்பதால் சொல்கிறேன்: கொடி ஏற்றுகிறார்கள். ஆனால் அது நாட்டின் கொடி அல்ல, ஊரின் கொடி.

எங்கள் குடியிருப்பின் வாசலில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே மூன்று பித்தளைத் தகடுகள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர். "இங்கே வாழ்ந்தவர்" என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, எந்த ஆண்டு ஹிட்லரின் நாஜிகள் கொண்டுபோனார்கள், எங்கே கொன்றார்கள் என்று நாலைந்து வரிகள். மூன்றாவது தகட்டில் ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தேன், ஆறு வந்தது. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-இல் இதே ஊரின் நகர மன்றத்துக்கு முன்னால் முதல் கல்லைப் பதித்தார். இன்று ஐரோப்பாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. 'இடறுகல்' என்று பெயர். காலில் ஒன்றும் இடறாது. எழுத்து பொடியாக இருப்பதால் படிக்க வேண்டுமென்றால் குனிந்தாக வேண்டும்.

ஆண்டுதோறும் நவம்பர் 9 அன்று கீழ்வீட்டு அம்மையார், ஓய்வுபெற்ற ஆசிரியை, பஞ்சும் பாலிஷ் டப்பாவுமாக வந்து மண்டியிட்டு அந்தத் தகடுகளைத் துலக்குவார். முதல் தடவை பார்த்தபோது குத்துவிளக்கு நினைவில், "கொஞ்சம் புளி தரட்டுமா, நன்றாகப் பளபளக்கும்" என்று கேட்டுவிட்டேன். வாங்கித் தேய்த்துப் பார்த்தார். மறு ஆண்டு அவரே மாடியேறி வந்து கேட்டார்.

அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். 1918 நவம்பர் 9-இல் முடியாட்சி போய்க் குடியரசு வந்தது. 1923-இல் அதே நாளில்தான் மியூனிக்கில் ஹிட்லரின் கலகம் முறியடிக்கப்பட்டது. 1938-இல் அன்றிரவு யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்தன. 1989-இல் பெர்லின் சுவர் திறந்ததும் அன்றுதான். சுவர் திறந்த நாளைவிடத் தேசிய நாளுக்குப் பொருத்தமான நாள் எது? ஆனாலும் 1938-ஐ வைத்துக்கொண்டு அன்று பட்டாசு வெடிக்க முடியுமா? 1990-இல் இரு ஜெர்மனிகளும் சட்டப்படி ஒன்றான அக்டோபர் 3-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். கடை மூடியிருக்கும், வெயிலடித்தால் நடக்கப் போவார்கள். டாங்கிகள் அணிவகுக்காது.

வேடிக்கை என்னவென்றால், நாட்டின் கறுப்பு-சிவப்பு-பொன் கொடி ஒரு பாவமும் அறியாதது. 1832-இல் ஹம்பாக் கோட்டையில் சுதந்திரம் கேட்டுக் கூடியவர்கள் பிடித்த கொடி அது. ஹிட்லர் பதவிக்கு வந்ததும் அதை ஒழித்துவிட்டார். ஆனாலும் கொடியைக் கண்டால் கூட்டம், கூட்டத்தைக் கண்டால் அணிவகுப்பு என்று மனம் ஓடுகிறது போலும். 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போதுதான் கூச்சம் சற்று விட்டது. தெருவெல்லாம் கொடி, கார் ஜன்னலெல்லாம் கொடி. 'இது சரிதானா' என்று பத்திரிகைகளில் விவாதம் வேறு. இன்று தீவிர வலதுசாரி ஊர்வலங்களிலும் அதே கொடியைத் தூக்குவதால் மற்றவர்களுக்குப் பழைய தயக்கம் திரும்பியிருக்கிறது. ஊர்ப்புறத்துச் சிறு தோட்டங்களில் கம்பம் நட்டு ஏற்றுபவர்களும் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் ஊர்ப்பற்று? அதற்குக் கூச்சமே கிடையாது. ஜெர்மனி ஒரே நாடானது 1871-இல்தான். அதற்கு முன் எல்லாம் சிறிதும் பெரிதுமான தனி அரசுகள். அந்தப் பழக்கம் நாக்கில் இன்னும் தங்கியிருக்கிறது. கொலோன்காரர் குடிப்பது 'கோல்ஷ்' பீர், சின்ன 200 மில்லி கண்ணாடிக் குவளையில். நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள டுசல்டார்ஃபில் குடிப்பது கறுத்த 'ஆல்ட்' பீர். நான் விவரம் தெரியாமல் இங்கே ஒரு கடையில் ஆல்ட் கேட்டேன். பணியாளர் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 9 முடிந்து இரண்டு நாள் கழித்து, 11-ஆம் தேதி காலை 11 மணி 11 நிமிடத்துக்குக் வேடமிட்டுக் கொண்டாடும் கார்னிவல் திருவிழாப் பருவம் தொடங்கும். சென்ற ஆண்டு அன்று காலை கீழே இறங்கினேன். ஆசிரியை அம்மையார் மூக்கில் சிவப்புப் பந்து மாட்டி, கோமாளிச் சட்டையோடு, தம் ஜன்னலில் நகரத்தின் சிவப்பு-வெள்ளைக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். காலடியில் மூன்று தகடுகளும் இன்னும் மங்காமல் இருந்தன.