வட்டி தரும் அடிப்படை வங்கிக் கணக்கினால் உண்மையில் பயன் உண்டா?

குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் வட்டி கிடைக்கிறது என்கிறார்கள்; அதற்காக அப்படி ஒரு கணக்கைத் தொடங்கலாமா என்பது கேள்வி. சில ஆயிரம் ரூபாய் மட்டுமே இருப்பில் நிற்கும் ஒருவருக்கு அது மிகவும் பயனுள்ளது என்பதும், அந்தப் பயனில் வட்டியின் பங்கு சொற்பமே என்பதும் என் பதில்.

என் அத்தையின் பாஸ்புக்கைப் பார்த்த பிறகுதான் நான் இந்த முடிவுக்கு வந்தேன். தையல் வேலை செய்து வரும் அவருடைய கணக்கில் சராசரியாக ஆறாயிரம் ரூபாய் இருக்கும். 2022-ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய வங்கி 2.75 சதவீதம் வட்டி கொடுத்தது. அதாவது ஆண்டுக்கு 165 ரூபாய். அதே ஆண்டில் குறுஞ்செய்திக் கட்டணம் என்று காலாண்டுக்கு 17 ரூபாய் 70 காசு வீதம் நான்கு முறையும், ஏ.டி.எம். கார்டுக்கு ஆண்டுக் கட்டணமாக ஜி.எஸ்.டி.யுடன் சேர்த்து 177 ரூபாயும் பிடித்திருந்தார்கள். கூட்டினால் 247 ரூபாய் 80 காசு. பொங்கலுக்கு முன்பு துணி வாங்கிப் போட்ட இரண்டு மாதங்களில் இருப்பு குறைந்ததற்கு விதித்த அபராதம் இதில் சேரவில்லை. வங்கியில் பணம் போட்டு வைத்ததற்கு அத்தை வங்கிக்கே கட்டணம் செலுத்தி வந்திருக்கிறார். 'வட்டி வரவு' என்ற வரி மூன்று மாதத்திற்கு ஒருமுறை அச்சாகி வந்ததால் அது அவருக்குத் தெரியவே இல்லை.

இது அத்தை ஒருவருடைய கதை மட்டும் அன்று. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் ஆயிரம் ரூபாய் வந்து சேர்ந்தபோது, பழைய குறைந்தபட்ச இருப்புப் பாக்கிக்காகச் சில வங்கிகள் அதில் கை வைத்ததும், மாநில நிதியமைச்சர் அதைக் கண்டித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். பொதுத்துறை வங்கிகள் 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் இந்த அபராதமாக மட்டும் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்தன என்று நாடாளுமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டது. அதன் பின்னர் 2025-இல் பல பொதுத்துறை வங்கிகள் சாதாரண சேமிப்புக் கணக்குகளுக்கும் இந்த அபராதத்தைக் கைவிட்டன. தனியார் வங்கிகள் பலவற்றில் அது இன்னும் தொடர்கிறது.

இந்த இடத்தில்தான் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு உதவுகிறது. 2005-இல் ஆடம்பரமற்ற கணக்கு என்ற பெயரில் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்தியதை 2012 ஆகஸ்டில் திருத்தி, இருப்பு பூஜ்யமாக இருந்தாலும் அபராதம் இல்லை, ஏ.டி.எம். கார்டுக்குக் கட்டணம் இல்லை, பணம் போடுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, மாதம் நான்கு முறை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விதிகளை வகுத்தார்கள். 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் கணக்குகளும் இதே வகையைச் சேர்ந்தவைதான். ஏழைகளுக்கு மட்டுமே இந்தக் கணக்கு என்று சில கிளைகளில் சொல்வார்கள், அது சரியன்று. முறையான அடையாள ஆவணங்கள் கொடுக்கும் எவரும் கேட்டுப் பெறலாம். ஆவணம் போதாமல் தொடங்கப்படும் 'சிறு கணக்கு' மட்டும் வேறு: அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது.

வட்டியைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தாழ்ந்ததும் இல்லை, உயர்ந்ததும் இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சேமிப்பு இருப்புகளுக்கு ஒரு வங்கி ஒரே சீரான விகிதத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. எனவே பத்தாயிரம் ரூபாய் வைத்திருக்கும் மேலாளருக்கும் அத்தைக்கும் கிடைக்கும் விகிதம் ஒன்றே. அந்த விகிதம் வந்த வழி சற்று வேடிக்கையானது. 2010 ஏப்ரலுக்கு முன்பு, மாதத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் கணக்கு எந்த அளவுக்குக் கீழே இறங்கியதோ அந்தத் தொகைக்கு மட்டுமே அந்த மாத வட்டி. சம்பளம் வாங்கிய கையோடு, பத்தாம் தேதி கடப்பதற்குள் வங்கிக்கு ஓடிய அப்பாக்கள் பலர். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். அதன் பிறகு அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிடும் முறை வந்தது. 2003 முதல் 3.5 சதவீதமாக நின்றிருந்த விகிதத்தை 2011 மே மாதத்தில் 4 ஆக்கிய ரிசர்வ் வங்கி, அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமையை வங்கிகளிடமே விட்டுவிட்டது. போட்டியால் வட்டி ஏறும் என்று அப்போது பேசினார்கள். சில சிறிய வங்கிகளில் ஏறவும் செய்தது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் கணக்கு வைத்திருக்கும் பெரிய வங்கிகளில் அது படிப்படியாக இறங்கி, 2025-இல் பாரத ஸ்டேட் வங்கியில் 2.5 சதவீதத்திற்கு வந்து சேர்ந்தது. பணவீக்கத்தை 4 சதவீதத்தில் நிறுத்துவதே ரிசர்வ் வங்கியின் இலக்கு என்னும்போது, அந்த இலக்கு முழுமையாக நிறைவேறும் ஆண்டில்கூட சேமிப்புக் கணக்கில் கிடக்கும் நூறு ரூபாயின் மதிப்பு சுமார் ஒன்றரை ரூபாய் தேய்ந்துவிடுகிறது.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இன்னமும் 4 சதவீதம் தருகிறது. அங்கே 500 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும். பத்தாம் தேதி விதியும் அங்கே இன்றளவும் உயிரோடு இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி போட்ட பணத்திற்கு அந்த மாதம் வட்டி இல்லை. அடிக்கடி எடுக்காத பணம் என்றால், அத்தையின் ஆறாயிரத்துக்கு அங்கே 240 ரூபாய் கிடைத்திருக்கும்.

பெரிய தொகை வைத்திருப்பவருக்குக் கணக்கு தலைகீழாகிறது. மூன்று லட்சம் ரூபாயை 2.5 சதவீதத்தில் போட்டு வைத்தால் ஆண்டுக்கு 7,500 ரூபாய். அதையே 6 சதவீத நிலைவைப்பில் போட்டால் எளிய வட்டிக் கணக்கிலேயே 18,000 ரூபாய். அவசரத்துக்கு எடுக்க வேண்டியிருக்குமே என்று அஞ்சுபவர்கள், குறிப்பிட்ட தொகைக்கு மேல் உள்ளதைத் தானாகவே நிலைவைப்பாக மாற்றித் தரும் வசதி தங்கள் கணக்கில் உண்டா என்று விசாரிக்கலாம். சேமிப்புக் கணக்குக்கே 7 சதவீதம் என்று சில சிறு நிதி வங்கிகள் செய்யும் விளம்பரங்களை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அந்த விகிதம் சில லட்சங்களைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே பொருந்தும். எந்த வங்கியானாலும் வைப்புக் காப்பீடு ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரைதான். வருமான வரியில் சேமிப்பு வட்டிக்கு 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கே அது கிடைக்கும்.

அத்தையின் கணக்கை மாற்றுவதற்கு இரண்டு முறை அலைந்தோம். முதல் முறை, அப்படி ஒரு கணக்கே இப்போது கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, "எனது சேமிப்புக் கணக்கை அடிப்படைச் சேமிப்பு வைப்புக் கணக்காக மாற்றித் தருமாறு கோருகிறேன்" என்று எழுதிக் கொண்டுபோய், நகலில் முத்திரை கேட்டபோது வேலை நடந்தது. அந்த வங்கியிலேயே வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் முப்பது நாளுக்குள் அதை முடித்துவிட வேண்டும் என்பதையும், குறுஞ்செய்திக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே பேசித் தெளிந்துகொள்வது நல்லது. நான்கு முறைக்கு மேல் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். முன்பு ஒரு காலத்தில் யு.பி.ஐ. வழியாகக் கடையில் பால் வாங்கியதைக்கூட 'பணம் எடுத்தல்' என்று எண்ணி, ஐந்தாவது முறை முதல் ஒவ்வொன்றுக்கும் 17 ரூபாய் 70 காசு பிடித்த வழக்கம் இருந்தது.

மாற்றிய பிறகு வந்த முதல் ஆண்டில் அத்தையின் பாஸ்புக்கில் வட்டி வரவு ஏறக்குறைய பழைய அளவிலேயே இருந்தது. பற்றுப் பக்கத்தில் வங்கி எழுதியது ஒன்றே ஒன்றுதான்: பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கான 20 ரூபாய், அதுவும் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.