புக்கோவினாவில் கணக்கில் வராத மொழி

கேள்வி: ஆஸ்திரியப் பேரரசில் இருந்த புக்கோவினாவின் நிர்வாகம் எப்படி நடந்தது? 1910-ஆம் ஆண்டில் அங்கே ஜெர்மானியர் ஐந்தில் ஒரு பங்கினர் என்று ஒரு நூலும், பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று மற்றொரு நூலும் கூறுகின்றன. எது சரி?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: இரண்டு எண்களும் ஒரே கணக்கெடுப்பிலிருந்து பிறந்தவைதாம். அது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, அந்நிலத்தின் நிர்வாக வரலாற்றைச் சிறிது அறிந்திருக்க வேண்டும்.

கார்பாத்திய மலையடிவாரத்தில் உள்ள இந்நிலப்பகுதியை, ஓட்டோமான் பேரரசுக்குக் கட்டுப்பட்டிருந்த மொல்தாவியாவிடமிருந்து 1775-இல் ஆஸ்திரியா பெற்றது. முதலில் ராணுவ நிர்வாகம் நடந்தது; 1786-இல் கலீசியா மாகாணத்தின் ஒரு மாவட்டமாக இது சேர்க்கப்பட்டது. 1849-இல்தான் தனி மாகாணத் தகுதி கிடைத்தது. பேரரசர் நியமித்த மாகாணத் தலைவர் செர்னோவிட்ஸ் நகரிலிருந்து ஆட்சி நடத்தினார். 1861 முதல் மாகாணச் சட்டமன்றமும் இயங்கியது. அலுவலகங்களுக்குள் ஜெர்மன் மொழியே புழங்கியபோதும், ருமேனிய மொழியும் ருத்தேனிய மொழியும் (இன்று இதனை உக்ரைனிய மொழி என்கிறோம்) மாகாண வழக்கு மொழிகளாக ஏற்கப்பட்டிருந்தன. 1875-இல் செர்னோவிட்ஸில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் ஜெர்மன் வழியிலேயே கற்பித்தது.

1910-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே சுமார் 8 லட்சம் பேர் வாழ்ந்தனர். ருத்தேனிய மொழியினர் 3,05,101; ருமேனிய மொழியினர் 2,73,254; ஜெர்மன் மொழியினர் 1,68,851; போலிஷ் மொழியினர் 36,210; ஹங்கேரிய மொழியினர் 10,391. ருத்தேனியரும் ருமேனியரும் பெரும்பாலும் ஒரே ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் என்பதால், அச்சபையில் எந்த மொழியினரின் கை ஓங்குவது என்பதே அவர்களுக்கிடையில் நீண்ட பூசலாக இருந்தது.

இந்தப் பட்டியலில் யூதர்கள் எங்கே என்று நீங்கள் கேட்க வேண்டும். மத வாரியான கணக்கில் அவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். மொழி வாரியான கணக்கிலோ அவர்களைக் காணவே முடியாது. ஆஸ்திரியக் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்கவில்லை, தாய்மொழியையும் கேட்கவில்லை. அன்றாடம் புழங்கும் மொழியை மட்டுமே கேட்டது. அதற்கும் அரசு ஏற்ற மொழிகளில் ஒன்றைத்தான் விடையாகச் சொல்லலாம். யூதர்கள் பேசிய, ஜெர்மனுக்கு நெருங்கிய மொழியான இட்டிஷ் அப்பட்டியலில் இல்லை. ஆகவே வீட்டிலும் கடைத்தெருவிலும் இட்டிஷ் பேசியவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியினராகவே எழுதப்பட்டனர். அவர்களைச் சேர்த்து எண்ணினால் ஜெர்மானியர் ஐந்தில் ஒரு பங்கு. நீக்கி எண்ணினால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நீங்கள் பார்த்த இரு நூல்களும் வேறுபடுவது இங்கேதான். இத்தனைக்கும் இட்டிஷ் யூத மக்களின் தேசிய மொழிகளில் ஒன்று என அறிவித்த மாநாடு அதே செர்னோவிட்ஸ் நகரில்தான், கணக்கெடுப்புக்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1908-இல் கூடியது. அதற்குப் பிறகும் அம்மொழிக்குப் படிவத்தில் இடம் தராததை வெறும் நிர்வாக வசதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தேர்தலிலும் இதுவே தொடர்ந்தது. வாக்காளர்களைத் தேசிய இனவாரியாகப் பதிவு செய்து, ஒவ்வோர் இனமும் தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை மாகாணச் சட்டமன்றம் 1909-இல் வகுத்தது. அடுத்த ஆண்டு அதற்குப் பேரரசரின் ஒப்புதல் கிடைத்தது. மாகாணத்துக் கட்சிகள் தங்களுக்குள் பேசி எட்டிய இந்த உடன்பாடு பாராட்டுக்குரியது. ஆனால் யூதர்களுக்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என்பதை வியன்னா அரசு ஏற்கவில்லை. அவர்கள் மதத்தினரே அன்றித் தேசிய இனத்தவர் அல்லர் என்பது அதன் நிலை. ஆகவே ஜெர்மானியர் பிரிவுக்குள்ளேயே அவர்களுக்கும் இடங்கள் கிடைக்கும்படி தொகுதிகள் வகுக்கப்பட்டன.

கேள்வி: அந்த மக்கள் இன்றும் அங்கே சேர்ந்து வாழ்கிறார்களா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: பெரும்பாலும் இல்லை. 1918-இல் புக்கோவினா ருமேனியாவுடன் இணைந்தது. 1940-இல் அதன் வடபகுதியைச் சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்டது. இன்று வடபகுதி உக்ரைனிலும் தென்பகுதி ருமேனியாவிலும் உள்ளன. ஜெர்மானியரில் பெரும்பாலோர் 1940-இல் ஹிட்லரின் ஜெர்மனிக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். 1930-ஆம் ஆண்டு ருமேனியக் கணக்கெடுப்பில் யூதர் என்ற இனமும் இட்டிஷ் என்ற தாய்மொழியும் தனித்தனியே பதிவாயின. 1941-இல் அந்த யூதர்களில் பல்லாயிரம் பேரை அன்றைய ருமேனிய அரசு நீஸ்டர் ஆற்றுக்கு அப்பால் நாடு கடத்தியது. அவர்களில் மிகப் பலர் பசியிலும் நோயிலும் அங்கேயே மாண்டனர்.