ஊற்றுத் தண்ணீருக்கு ஆர்.ஓ. மெஷின் வேண்டுமா?

நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து கறுப்பு பைப் வழியாகத் தண்ணீர் வந்து டேங்கில் விழுகிறது, அங்கிருந்து சமையலறைக்கு வருகிறது. போன வாரம் வந்த விற்பனையாளர் இரண்டு கம்பி உள்ள கருவியை எங்கள் தண்ணீரில் விட்டார். ஒரு நிமிடத்தில் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரோ தெளிவாகவே இருந்தது. மெஷின் 17,500 ரூபாயாம். 'ஊத்துத் தண்ணிக்கு எதுக்கு மெஷினு' என்கிறார் மாமியார். நான்கு வயது மகளுக்கு மழைக்காலம் வந்தாலே வயிற்றுப்போக்கு. காய்ச்சிக் கொடுத்தால் போதுமா, எந்த ஃபில்டர் வாங்கலாம்?"

முதலில் அந்தக் கம்பி வித்தையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்களைப் பயமுறுத்தியது அதுதான். அந்தக் கருவியில் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும். தண்ணீரில் கரைந்துள்ள தாது உப்பு வழியாக மின்சாரம் பாயும்போது இரும்பு அரித்துக் கரைந்து துருவாகப் பிரிகிறது. டம்ளரில் நீங்கள் பார்த்த சேறு தண்ணீரிலிருந்து வந்ததல்ல, அந்தக் கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. என்பது நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பை நீக்கும் முறை. அந்தத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அநேகமாகப் பாய்வதில்லை, அதனால் கம்பி கரைவதில்லை. அவ்வளவுதான் சூட்சுமம். அவர் மறுபடி வந்தால், அவருடைய ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும். (நீங்களாக அந்தக் கருவியைத் தொட வேண்டாம். வீட்டு பிளக்கில் செருகுகிற சாமான், கை நனைந்தால் ஆபத்து.)

அவர் பேனா மாதிரி ஒரு மீட்டரையும் காட்டியிருப்பார். அது டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளின் அளவைச் சொல்லும். மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் அது சொல்வது உப்பைப் பற்றி மட்டும். கிருமி ஒன்று இருந்தாலும் கோடி இருந்தாலும் அதில் ஒரே எண்தான் வரும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை, அது லேசில் கரையாது. மழையும் அதிகம், தண்ணீர் மண்ணுக்குள் கிடக்கும் காலமும் குறைவு. அதனால் நான் அளந்து பார்த்த மலை ஊற்றுகளில் பெரும்பாலானவை 100ஐத் தொட்டதில்லை. உங்கள் வீட்டில் சோப்புப் போட்டுக் குளித்தால் வழுவழுப்பு சீக்கிரம் போகாமல் நிற்குமே, அதுவே உப்பில்லாத மென்னீரின் அடையாளம். கோவை, திருப்பூர்ப் பக்கம் 1,000ஐத் தாண்டும் போர்வெல்கள் நிறைய உண்டு. ஆர்.ஓ. அந்தத் தண்ணீருக்கான மருந்து.

இல்லாத நோய்க்கு அந்த மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? 60 இருந்த டி.டி.எஸ். ஆறோ ஏழோ ஆகும். ஏற்கெனவே கொஞ்சம் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும் நம் தண்ணீர் இன்னும் சாயும். அப்புறம் "மினரல் கார்ட்ரிட்ஜ்" என்று தனியாக ஒன்றை விற்று, எடுத்த உப்பையே திரும்பப் போடுவார்கள். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். இந்த விரயத்தை முன்னிட்டுத்தான், டி.டி.எஸ். 500க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. இன்னொன்று: குளிரில் ஆர்.ஓ. சவ்வு மந்தமாகிவிடும். 25 டிகிரியில் தருகிற அளவில் மூன்றில் ஒரு பங்கு 12 டிகிரியில் குறைந்துபோகும். மலை வீட்டில் டிசம்பர் காலையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆர்.ஓ. கிருமியைப் பிடிக்காது என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே பிடிக்கும். கிருமிக்காக மட்டும் அவ்வளவு பெரிய மெஷினும் அத்தனை லிட்டர் விரயமும் தேவையில்லை என்கிறேன்.

உங்கள் பிரச்சினை கிருமியும் கலங்கலும்தான். மழை வந்தால் குழந்தைக்கு வயிறு போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் கனமழையில் மேட்டிலுள்ள எல்லாமே ஊற்றுக்கு வந்து சேரும்: மாட்டுச்சாணம், இரவில் தண்ணீர் குடிக்க வந்த காட்டெருமை விட்டுப்போனது, மேல் வீட்டுக் கக்கூஸ் குழியின் கசிவு. (குழந்தைக்கு ரத்தத்தோடு போனாலோ, சோர்ந்து தண்ணீர் குடிக்க மறுத்தாலோ ஃபில்டரைப் பற்றி யோசிக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.)

காய்ச்சினால் போதுமா என்று கேட்டீர்கள். போதும். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பதால் பலருக்குச் சந்தேகம் வருகிறது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், அங்கே 94 டிகிரி வாக்கில் கொதிக்கும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 93ஐ ஒட்டி. வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் சாக அந்தச் சூடே அதிகம். ஆனால் பாத்திரத்தின் ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழி வருவது கொதி அல்ல. நடுவில் தளதளவென்று புரள வேண்டும். அப்படிப் புரண்டபின் ஒரு நிமிடம் விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள், அதாவது ஊட்டிக்காரர்களும் கொடைக்கானல்காரர்களும், மூன்று நிமிடம் விடட்டும். கலங்கலாக இருந்தால் முதலில் மெல்லிய துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவைத்து, குழாய் வைத்த பானைக்கு மாற்றுங்கள். காய்ச்சிய தண்ணீருக்குள் கையோடு டம்ளரை விட்டு மொண்டால் காய்ச்சியது வீண்.

ஆனால் ஐந்தாறு பேர் உள்ள வீட்டில் தினமும் 15 லிட்டர் காய்ச்சினால் சிலிண்டர் தாங்காது. அதற்குத்தான் ஃபில்டர். நான் சொல்வது இதுதான்: முதலில் சேற்றைப் பிடிக்க 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர் (இழைகளால் ஆன வெள்ளைக் குழல்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிறகு கார்பன், கடைசியில் யு.எஃப். மெம்பரேன். யு.எஃப். என்பது சேமியாவைவிட மெல்லிய உள்ளீடற்ற இழைகளின் கட்டு. துளை 0.01 முதல் 0.1 மைக்ரான் வரை இருக்கும். பாக்டீரியா, ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணி போன்றவை அதைவிடப் பல மடங்கு பெரிதாகையால் வெளியிலேயே நின்றுவிடும். இதற்குக் கரண்ட் வேண்டாம். அழுத்தம் கொஞ்சம் வேண்டும், அதையும் மலை இலவசமாகத் தருகிறது. டேங்க் குழாயைவிட 10 மீட்டர் மேலே இருந்தால் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். உங்கள் டேங்க் வீட்டுக்கு மேல் மேட்டில் இருக்குமானால் பம்பு எதுவும் வேண்டாம். டேங்க் தாழ்வாக இருந்தால் மேலே ஊற்றிக் கீழே பிடிக்கிற யு.எஃப். ஃபில்டரும் கடையில் உண்டு. இவை எல்லாம் அந்த 17,500க்கு வெகு கீழேயே கிடைக்கும்.

கார்பன் வாசனையையும், பூச்சிமருந்தில் ஒரு பகுதியையும் ஈர்த்துக்கொள்ளும். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் கார்பனுக்குள் கிருமி கூடு கட்டும், அதனால் அது கடைசிக் கட்டமாக இருக்கக் கூடாது. விற்பவர் மெம்பரேனுக்குப் பின்னால் கார்பனை வைத்தால் ஏன் என்று கேளுங்கள்.

யு.எஃப்.பில் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சுமார் 0.03 மைக்ரான்தான். துளை பெரிதான மெம்பரேனில் நுழைந்துவிடும். மேட்டில் கக்கூஸ் குழி இருக்கிறதென்றால் மழை மாதங்களில் குழந்தைக்கு ஃபில்டர் தண்ணீரையும் காய்ச்சியே கொடுங்கள். "அப்படியானால் யு.வி. வாங்கலாமே" என்பீர்கள். யு.வி., அதாவது புற ஊதாக் கதிர் விளக்கு, வைரஸையும் கொல்லும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும், கலங்கலில் கிருமி துகளின் நிழலில் ஒளிந்துகொள்ளும். கரண்டும் வேண்டும். மரம் விழுந்து கம்பி அறுந்து இரண்டு நாள் இருட்டில் கிடப்பதும், தண்ணீர் கலங்குவதும், குழந்தைக்கு வயிறு கெடுவதும் ஒரே வாரத்தில் நடக்கிற ஊர் நம்முடையது. டவுனுக்குள் இன்வெர்ட்டரோடு இருப்பவர்கள் வாங்கட்டும்.

பழைய ஸ்டீல் கேன்டில் ஃபில்டரை மட்டமாக நினைக்காதீர்கள். மாமியார் பரணில் ஒன்று வைத்திருக்கக்கூடும். புதுக் கேன்டில் போட்டால் கலங்கலையும் பெரும்பாலான பாக்டீரியாவையும் நிறுத்தும். என் வீட்டில் பல வருடம் அதுதான் இருந்தது. ஒரு ஜனவரியில் ஃபில்டர் திடீரென்று வேகமாக வடிய ஆரம்பித்தது. "அட, நன்றாகத் தேய்த்துவிட்டேன் போல" என்று நானே மெச்சிக்கொண்டேன். நான்காம் நாள் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுவலி. கேன்டிலைக் கழற்றி ஒரு வாளி நீரில் முக்கி அதன் வாயில் ஊதினேன். அடிப்பக்கத்தில் முடி அளவு கீறல், அதிலிருந்து சரசரவென்று குமிழி. ஃபில்டரைப் பின்கட்டுத் திண்ணையில் வைத்திருந்தேன். உறைபனி இரவில் கேன்டிலுக்குள் இருந்த தண்ணீர் உறைந்து வெடிக்க வைத்திருக்கிறது. யு.எஃப். இழையும் உறைந்தால் இப்படித்தான் பிளந்துபோகும், ஆனால் அது கண்ணுக்கே தெரியாது. ஆகவே ஃபில்டர் எதுவானாலும் சமையலறைக்குள் அடுப்புப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். தண்ணீர் மெதுவாக வந்தால் அடைப்பு, கேன்டிலானால் தேய்த்துக் கழுவலாம். திடீரென்று வேகமாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்பன் ஃபில்டர் வெள்ளையாக இருந்து செம்மண் நிறத்துக்கு மாறும். மாறியதும் தூக்கிப் போடுங்கள், மழைக்காலத்தில் மாதம் ஒன்றுகூடத் தேவைப்படலாம். விலை சொற்பம், அதில் மிச்சம் பிடித்தால் மெம்பரேன் அடைத்துக்கொள்ளும்.

டேங்கைக் கழுவாமல் ஃபில்டர் வாங்குவதில் பிரயோஜனமில்லை. கழுவியபின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஊற்று பைப் ஓயாமல் டேங்கில் விழுந்துகொண்டிருந்தால் மருந்து நிமிடத்தில் நீர்த்துவிடும். முதலில் அதை அடைத்துவிடுங்கள். சமவெளியில் அரை மணி நேரம் போதும் என்பார்கள். குளிர்ந்த நீரில் குளோரின் மெதுவாக வேலை செய்யும், ஒரு மணி நேரம் விடுங்கள்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பரிசோதனை. மழை விட்ட மறுநாள் மாதிரி எடுங்கள், பிப்ரவரியின் கண்ணாடித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டில் என்று ஒரு எளிய சோதனை உண்டு, 1982இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் உலகுக்குக் கொடுத்தது. தண்ணீரைக் கோடுவரை நிரப்பி வைத்தால், மலக்கழிவு கலந்திருந்தால் ஓரிரு நாளில் கறுக்கும். மலையில் ஒரு சிக்கல்: 14 டிகிரிச் சமையலறையில் அந்தக் கிருமிகளும் தூங்கும், பாட்டில் கறுக்காது, நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள். துண்டில் சுற்றி ஃபிரிட்ஜின் பின்பக்கம் வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு நாள் வையுங்கள்.

அப்புறம் ஒருமுறை, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து நைட்ரேட்டும் பார்த்துவிடுங்கள். ஊற்றுக்கு மேலே கேரட், உருளை, முட்டைக்கோஸ் தோட்டம் இருந்தால் இது அவசியம். உரமும் கோழி எருவும் நைட்ரேட்டாக இறங்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் யு.எஃப்., யு.வி., கார்பன் எதுவும் உதவாது. காய்ச்சினால் நீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் செறிவாகும். கைக்குழந்தைக்கு அது ஆபத்து. அந்த ஒரு நிலையில் மட்டும் வேறு ஊற்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த விற்பனையாளரைக் கூப்பிடுங்கள், நானே சிபாரிசு செய்கிறேன்.

இனி மாமியார். அவர் சொல்வது பாதி சரி. அவர் வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஊற்றுக்கு மேலே சோலை இருந்திருக்கும், அந்தத் தண்ணீரைக் குடித்து அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு நாள் அவரையே அழைத்துக்கொண்டு ஊற்றுவரை ஏறிப் பாருங்கள். எந்த மேட்டில் இப்போது வீடு வந்திருக்கிறது, முன்பு மாடு எங்கே இறங்கும் என்பதெல்லாம் எந்த ஆய்வகத்தையும்விட அவருக்குத் தெரியும். ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கல் கட்டி மூடி போடுவதும், மேல்பக்கம் மழைநீர் விலகி ஓட ஒரு வாய்க்கால் வெட்டுவதும் இரண்டு ஆள் கூலிக்குள் முடிகிற வேலை. பைப்பின் வாயில் பழைய நைலான் புடவைத் துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பீர்கள், எல்லா ஹட்டியிலும் அதுதான் வழக்கம். அவிழ்த்துப் பாருங்கள், உள்மடிப்பில் கறுப்பாகக் கொழகொழவென்று படிந்திருக்கும். அதை எடுத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் ஸ்டீல் வலை வாங்கிக் கட்டுங்கள்.