புது ஸ்பீக்கரில் நாதஸ்வரம் மந்தமாகக் கேட்கிறதா?

புது ஸ்பீக்கரில் நாதஸ்வரம் மந்தமாக இருக்கிறது, பழைய செட்டே தேவலை என்று எழுதியிருந்தீர்கள். மாயவரம் என்கிறீர்கள், அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. திருவிழா, கல்யாணம் என்று கூம்பு ஸ்பீக்கரிலேயே கேட்டுப் பழகிய காது நம்முடையது. கூம்பு அடி ஒலியை விட்டுவிட்டு நடு ஒலியைத்தான் தூக்கிக் கொடுக்கும். அந்தக் கூர்மை இல்லாவிட்டால் மந்தமாகத்தான் படும்.

நாதஸ்வரத்தை விடுங்கள், தவிலைக் கவனியுங்கள். வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், கூடு (விரலுறை) போட்ட விரல் விழும் வெட்டும், தொப்பி எனும் இடப்பக்கத் தோலில் கழி (குச்சி) பட்ட பிறகு நிற்கும் கும்மென்ற ஒலியும் தனித்தனியாகப் பிரிகிறதா? பிரிந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்ல மாட்டேன். முடிந்தால் ஒரு சாமி புறப்பாட்டில், மைக் வைக்காத இடத்தில், பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வந்து ஒப்பிடுங்கள்.

அப்புறம், இரண்டு செட்டிலும் சத்தம் ஒரே அளவா? ஒரு டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடினாலே, சத்தம் கூடியதாகத் தோன்றாது, தரம் கூடியதாகத் தோன்றும். (கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.) போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போதும். சமமாக வைத்து இரண்டு வாரம் கேளுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையா, தாராளமாக மாற்றுங்கள். திருப்பிக் கொடுக்க எந்தத் தேதி வரை கெடு என்று மட்டும் இன்றே பில்லில் பார்த்துவிடுங்கள்.