மனக்காயமும் ஆஸ்துமாவும்: "எல்லாம் மனசுதான்" என்று இன்ஹேலரை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருமண வாழ்க்கையின் ஆறு வருடமும் அடியும் மிரட்டலுமாகப் போனது. பிரிந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. சிறு வயதில் இழுப்பே இருந்ததில்லை; போன வருடம் ஆஸ்துமா என்றார்கள். யாராவது குரலை உயர்த்தினாலே நெஞ்சு இறுகுகிறது. கெட்ட கனவு கண்டு இரவில் இருமலோடு எழுகிறேன். நீல இன்ஹேலரைச் சில நாள் எட்டு தடவைகூட அடிக்கிறேன். அடித்ததும் கை நடுங்குகிறது, படபடக்கிறது. அதற்கு ப்ராப்ரனலால் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். "எல்லாம் மனசுதான், இன்ஹேலரை விட்டுவிடு" என்கிறார் அக்கா. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த மாத்திரை. ப்ராப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாத மருந்து. இதயத்தை மட்டுமல்லாமல் மூச்சுக்குழாய்த் தசையையும் அது பாதிக்கும். உங்கள் நீல இன்ஹேலரில் உள்ள சால்புட்டமால் எந்த ஏற்பிகளை (உயிரணுக்களில் மருந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை)த் தூண்டி மூச்சுக்குழாயை விரிக்கிறதோ, அவற்றையே இந்த மாத்திரை அடைத்துவிடும். இழுப்பு வரும் நேரத்தில் இன்ஹேலர் அடித்தும் கேட்காமல் போவதற்கு இதுவே காரணமாகலாம். இன்னும் தொடங்கவில்லை என்றால் தொடங்கவே வேண்டாம். சில வாரமாகச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால், எழுதித் தந்தவரை இன்றே அழைத்து ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள். திடீரென விட்டால் இதயத் துடிப்பு எகிறக்கூடும் என்பதால் எப்படி நிறுத்துவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். இடையில் மூச்சு மோசமானால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அக்கா அக்கறையில் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னதில் பாதிதான் சரி. மனக்காயத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அமெரிக்காவில் 1995 முதல் கருப்பினப் பெண்களின் உடல்நலத்தைக் கவனித்துவரும் பெரிய ஆய்வு ஒன்றில், சிறு வயதில் வன்முறைக்கு ஆளானவர்களிடம் வளர்ந்தபின் தொடங்கும் ஆஸ்துமா கூடுதலாகக் காணப்பட்டது. 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரம் சரிந்தபின் ஆஸ்துமா வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, மனக்காயத்தின் பின்விளைவுகளும் சேர்ந்திருந்தவர்களுக்கு ஆஸ்துமாவைக் கட்டுக்குள் கொண்டுவருவது கடினமாக இருந்தது. மனக்காயம் ஒன்றே ஆஸ்துமாவை உண்டாக்கிவிடுகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. பரம்பரை, ஒவ்வாமை, புகை, உடல் எடை எல்லாம் சேர்ந்ததுதான். ஹார்மோனுக்கும் பங்கு உண்டு: சிறு வயதில் ஆண் பிள்ளைகளுக்கே ஆஸ்துமா அதிகம், பருவம் வந்தபின் பெண்களுக்கு அதிகம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இழுப்பு கூடுகிறதா என்று நீங்களும் குறித்துப் பாருங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? பயம் வரும்போது மூளையிலிருந்து நுரையீரலுக்கு வரும் வேகஸ் நரம்பு மூச்சுக்குழாய்த் தசையைச் சுருக்கக்கூடும். ஏற்கெனவே வீங்கியிருக்கும் குழாய்க்கு அந்தச் சிறு சுருக்கமே பெரிது. ஆண்டுக்கணக்கில் அச்சத்தில் வாழ்ந்த உடம்பில் கார்ட்டிசால் ஒழுங்கும் குலைகிறது. அழற்சியைத் தணிக்க வேண்டிய அந்த ஹார்மோனுக்கு உயிரணுக்கள் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இதோடு பதற்றத்தில் வாய்வழியாக வேகவேகமாக மூச்சு விடுவதால் குளிர்ந்த, உலர்ந்த காற்று நேரே உள்ளே போய்க் குழாயை உறுத்துகிறது. ஆக, மனசில் தொடங்கினாலும் குழாய் நிஜமாகவே சுருங்குகிறது. அதற்கு இன்ஹேலர் வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு நெஞ்சு இறுக்கமும் ஆஸ்துமாவா? அதை ஊகித்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல முடியும். எவ்வளவு வேகமாகக் காற்றை ஊத முடிகிறது என்று அளக்கும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்குங்கள். நின்றுகொண்டு, முழு மூச்சு இழுத்து, உதட்டால் குழாயை இறுக மூடி, ஒரே வீச்சில் ஊதுங்கள். மூன்று முறை ஊதி, அதில் உயர்ந்த எண்ணைக் குறியுங்கள். காலையிலும் இரவிலும் இரண்டு வாரம் இப்படிச் செய்தால், நன்றாக இருக்கும் நாளின் உங்கள் உச்ச எண் தெரிந்துவிடும். அது 400 என்று வைத்துக்கொள்வோம். குரல் உயர்ந்து நெஞ்சு இறுகும் நேரத்தில் ஊதி 380 வந்தால் பதற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 320க்குக் கீழே, அதாவது 80%க்குக் கீழே போனால் இன்ஹேலர் தேவை. 200க்குக் கீழே என்றால் அவசரம். பதற்றத்தில் முழு பலத்தோடு ஊத வராது, அதனால் ஒரே ஊதலை வைத்து முடிவு செய்யாதீர்கள். சந்தேகமாக இருந்தால் இன்ஹேலரை அடித்துவிடுவதே நல்லது. கனவில் விழித்த இரவுகளிலும் ஊதிப் பாருங்கள். கனவு இருமலை எழுப்பியதா, இருமல் கனவைக் கலைத்ததா என்பதற்கு அந்த எண் துப்புக் கொடுக்கும்.

விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரத்துப்போய்க் கிறுகிறுத்தால் அது வேக மூச்சால் இரத்தத்தில் கரியமில வாயு குறைவதன் அடையாளம். அடைப்பு தொண்டையில் தெரிந்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்து, இன்ஹேலருக்கும் கேட்கவில்லை என்றால் குரல்நாண் சுருக்கமாக இருக்கலாம். பெண்களுக்கு இது அதிகம். ஆஸ்துமாவோடு சேர்ந்தும் வரும். காது மூக்கு தொண்டை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் பார்க்க வேண்டியது இது.

ஒரு நாளில் எட்டு தடவை என்பது எனக்குக் கவலை தருகிறது. தடவைக்கு ஒரு பஃப் என்றாலும் அந்தக் கணக்கில் 200 பஃப் உள்ள டப்பா 25 நாளில் தீர்ந்துவிடும். வருடத்துக்கு 3 டப்பா தேவைப்பட்டாலே கடும் தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது என்பதே கணக்கு. உங்கள் நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் பெரும் பங்கு இந்த சால்புட்டமால்தான். அதைப் பயத்தின் அறிகுறி என்று நினைத்து, பயந்து, மறுபடி அடிப்பது ஒரு சுழல். நீல இன்ஹேலர் தசையைத் தளர்த்துமே தவிர அழற்சியைத் தொடாது. உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019 முதலே அதை மட்டும் வைத்துச் சமாளிக்க வேண்டாம் என்கின்றன. ஸ்டீராய்டு இன்ஹேலர் உங்களுக்குத் தேவை. ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த இன்ஹேலரை அன்றாடத்துக்கும் அவசரத்துக்கும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளும் முறை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வாரமே பாருங்கள். ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் மாட்டும் குழாய் போன்ற கூடு) வைத்து ஒரு தடவைக்கு ஒரு பஃப், மெதுவாக இழுத்து 10 விநாடி நிறுத்துங்கள். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் வாயில் பூஞ்சை வரலாம்.

ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள். வரும்வரை ஸ்பேசரில் நீல இன்ஹேலரை ஒவ்வொரு பஃபாக, 4 முதல் 10 பஃப் வரை எடுக்கலாம். அந்த நேரத்தில் படபடப்புக்கென்று தூக்க மாத்திரை எதுவும் போடாதீர்கள். மூச்சை அடக்கிவிடும்.

இரவு ஒவ்வாமைக்கு மான்டெலுகாஸ்ட் மாத்திரை எடுப்பவர் என்றால் ஒரு எச்சரிக்கை. கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரலாம் என்பதால் 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. உங்களைப் போன்றவர்கள் கனவுகள் எப்போது தொடங்கின என்று தேதியோடு பார்க்க வேண்டும்.

மனக்காயத்துக்கும் தனியே சிகிச்சை உண்டு. அதை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் கண்ணை அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் கண் அசைவுச் சிகிச்சையும் (EMDR) நன்கு நிரூபணமானவை. 8 முதல் 12 அமர்வுகள் என்பது வழக்கமான அளவு. மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின் ஆஸ்துமாவோடு ஒத்துப்போகும். மூச்சுப் பயிற்சியை மட்டும் கவனமாகத் தொடங்குங்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பதே சிலருக்குப் பழைய நினைவைக் கிளறிவிடும். கண் திறந்தபடி, பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

மருத்துவர் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையைக் கேட்பார். மருந்து அடித்தபின் ஒரு விநாடியில் ஊதும் காற்று 12%க்கும் 200 மில்லிக்கும் மேல் கூடுகிறதா என்று அதில் பார்ப்பார்கள். மூக்கில் கிளிப், வாயில் குழாய், பக்கத்தில் முன்பின் தெரியாதவர் "ஊது, ஊது" என்று உரக்கச் சொல்வார். கழுத்தை நெரித்த, வாயைப் பொத்திய அனுபவம் உள்ளவர்கள் அங்கேயே உறைந்துபோகக்கூடும். முடிவும் தவறாக வரலாம். நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. "சத்தமாகப் பேசினால் எனக்கு மூச்சு அடைக்கும், மெதுவாகச் சொல்லுங்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். கதவைத் திறந்து வைக்கக் கேட்கலாம், இடையில் நிறுத்தச் சொல்லலாம், கிளிப்பை நீங்களே மாட்டிக்கொள்ளலாம்.