ஹைட்ரஜன் குண்டு இதுவரை எந்தப் போரிலும் பயன்படுத்தப்படவில்லை. அப்படியென்றால் அதனால் யாருக்கும் பாதிப்பு இல்லை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. போரில் பயன்படுத்தவில்லை என்பது உண்மைதான். 1945-இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் போட்டவை அணுக்கருப் பிளவு குண்டுகள், அதாவது கனமான அணுக்கருவைப் பிளந்து ஆற்றல் எடுப்பவை. ஹைட்ரஜன் குண்டு இலேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும். ஆனால் சோதனை என்ற பெயரில் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகளால் நோயில் விழுந்தவர்களும் செத்தவர்களும் சொந்தத் தீவை இழந்தவர்களும் இருக்கிறார்கள். நான் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அணுக்கரு இணைவு பாடம் வரும்போதெல்லாம் 1954-இல் பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளில் நடந்த ஒரு வெடிப்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை.

அந்த வருடம் மார்ச் 1-ஆம் தேதி விடிகாலையில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த குண்டுக்கு 'காசில் பிராவோ' என்று பெயர். சுமார் 6 மெகாடன் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல்). வந்தது 15 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

கணக்கு எங்கே தப்பியது? குண்டின் எரிபொருள் லித்தியமும், ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியமும் சேர்ந்த ஒரு திடப்பொருள். லித்தியம் அணுவில் எடை வேறுபட்ட இரண்டு வகை உண்டு. அந்த லித்தியத்தில் சுமார் 40 சதவீதம் லித்தியம்-6, மீதி லித்தியம்-7. லித்தியம்-6 மீது நியூட்ரான் மோதினால் ஹைட்ரஜனின் இன்னும் கனமான வகையான டிரிட்டியம் பிறக்கும், அது டியூட்டீரியத்தோடு இணைந்து ஆற்றலைக் கொட்டும். லித்தியம்-7 சும்மா கிடக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அது சும்மா கிடக்கவில்லை. அதிவேக நியூட்ரான் பட்டதும் அதுவும் உடைந்து டிரிட்டியத்தைக் கொடுத்தது, கூடவே ஒரு நியூட்ரானையும் வெளியே விட்டது. இணைவு பெருகியது. அதிலிருந்து கிளம்பிய நியூட்ரான்கள் குண்டைச் சுற்றியிருந்த யுரேனிய உறையைப் பிளந்தன. 15 மெகாடனில் சுமார் 10 மெகாடன் இந்தப் பிளவிலிருந்து வந்ததுதான். பெயர் ஹைட்ரஜன் குண்டு என்றாலும் கதிரியக்கக் கழிவை அள்ளி இறைத்தது யுரேனியம். வெடித்ததும் தரைமட்டத்தில். அதனால் பவளப் பாறை பொடியாகி, கதிரியக்கத்தோடு கலந்து மேலே போனது. வெடித்த இடத்தில் சுமார் 2 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம்.

காற்று கிழக்குப் பக்கம் வீசியது. காற்றின் திசை சாதகமாக இல்லை என்ற தகவல் முன்கூட்டியே வந்திருந்தும் வெடித்தார்கள். சில மணி நேரத்தில் ரோங்கெலாப் தீவில் வெள்ளைத் தூள் கொட்ட ஆரம்பித்தது. அது என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். குடிக்கச் சேர்த்து வைத்த மழைநீரிலும் விழுந்தது. இரவுக்குள் வாந்தி, உடம்பெல்லாம் எரிச்சல். பிறகு தோல் புண்ணாகி முடி கொட்டியது.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1946-இல் பிகினியில் இதைவிடப் பல நூறு மடங்கு சிறிய குண்டுகளை வெடித்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று ரோங்கெலாப் மக்களை வேறு தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1954-இல் அதைச் செய்யவில்லை. பக்கத்து ரோங்கெரிக் தீவில் இருந்த 28 அமெரிக்கப் படையினரை மறுநாளே கூட்டிச் சென்றார்கள். ரோங்கெலாப்வாசிகளுக்குக் கப்பல் வந்தது அதற்கும் அடுத்த நாள். அப்புறம் அவர்களை வைத்தே மனித உடலில் கதிரியக்கத்தின் விளைவு பற்றி ஓர் ஆய்வும் நடந்தது.

அதே நேரம் கடலில் ஒரு ஜப்பானிய சூரை மீன்பிடிப் படகு இருந்தது, ஐந்தாம் ஃபுகுரியூ மாரு. அமெரிக்கா அறிவித்திருந்த ஆபத்து எல்லைக்கு வெளியேதான் நின்றது. அதில் இருந்த 23 பேர் மேலும் சாம்பல் கொட்டியது. மார்ச் 14-ஆம் தேதி யாய்சு துறைமுகத்துக்கு எல்லோரும் நோயாளிகளாகத் திரும்பினார்கள். ரேடியோ இயக்குபவரான ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ஆம் தேதி இறந்தார். படகில் ஒட்டியிருந்த சாம்பலை ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, அமெரிக்கா ரகசியமாக வைத்திருந்த யுரேனியப் பிளவுக்கான தடயம் அதிலேயே கிடைத்தது. ஜப்பான் முழுக்க அணுகுண்டுக்கு எதிரான கையெழுத்து இயக்கம் பரவியது. ஏப்ரல் 2-ஆம் தேதி நேரு மக்களவையில் பேசி, இப்படிப்பட்ட சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள் என்று உலக நாடுகளைக் கேட்டார். வளிமண்டலச் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் வர 1963 ஆகிவிட்டது.

ரோங்கெலாப் மக்களை 1957-இல், பயமில்லை என்று சொல்லித் திரும்பக் குடியேற்றினார்கள். பயம் இருந்தது. அந்தச் சாம்பலில் இருந்த கதிரியக்கப் பொருள்களில் ஒன்றான அயோடின்-131-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள்தான். ஆனால் அது தைராய்டில் போய்ச் சேரும், குழந்தைகளுக்கு இன்னும் அதிகமாக. அன்று சிறுபிள்ளைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் தைராய்டு கட்டிகள் வந்தன. இன்னொரு பொருளான சீசியம்-137-இன் அரை ஆயுளோ 30 வருடம். அது மண்ணில் தங்கித் தேங்காய்க்குள்ளும் ஏறிவிடும். சோதனைகளுக்காக முன்பே வெளியேற்றப்பட்டு, பிறகு பிகினிக்குத் திரும்பிப் போனவர்களை 1978-இல் மறுபடி வெளியேற்றியதற்குக் காரணமே அதுதான். ரோங்கெலாப் மக்கள் 1985-இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் கப்பலில் ஏறித் தாங்களே கிளம்பிவிட்டார்கள்.

1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா நடத்திய சோதனைகள் மொத்தம் 67. இழப்பீட்டுக்கென்று அது கொடுத்த நிதி 15 கோடி டாலர். அந்த மக்களுக்காக அமைக்கப்பட்ட தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்ன தொகை 200 கோடி டாலருக்கும் மேல். நிதி தீர்ந்து போனதால் அதில் பெரும்பகுதி கொடுக்கப்படவே இல்லை. பிகினி மக்கள் வழக்குப் போட்டு மேலே மேலே போனார்கள். 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் மனுவை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது.